ஹார்ட் டிஸ்கில் ஒரு வகைமாற்றம்

என் தங்கையின் கணவர் பேசிய வீடியோக்களை அழித்தது நான்தான். எட்டு மாதம் அதை மறைத்தும் வைத்தேன்.

அவர் வளைகுடாவில் வேலை பார்த்து அங்கேயே இறந்தார். வாராவாரம் பேசி அனுப்பிய வீடியோக்கள் அருமனையில் தங்கையின் பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. வேறு நகல் கிடையாது. கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் அதன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் புது லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தேன். திறக்கவில்லை. ‘டைனமிக்’ வகை, செல்லாது என்று காட்டியது. கூடவே, ‘பேசிக்’ வகைக்கு மாற்றலாம் என்றும் ஒரு வழி இருந்தது.

நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பதிவேட்டில் நஞ்சையைத் தோட்டம் என்று திருத்தினால் வயலில் நிற்கும் பயிர் மறைந்துவிடாது. இதுவும் அப்படி ஒரு வகைமாற்றம்தானே என்று நினைத்தேன். உள்ளிருப்பவை போய்விடும் என்று எச்சரிக்கை வந்தது. வாசிக்கத் தெரியாதவனல்ல நான். வாசித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

டிஸ்க் முழுவதும் ஒதுக்கப்படாத இடம் என்று வந்தது. புறம்போக்கு.

அடுக்களையிலிருந்து தங்கை கேட்டாள்: “அண்ணே, கிட்டிச்சா?”

“உள்ள இருந்ததெல்லாம் தன்னால அழிஞ்சு போச்சு பிள்ளே. பழசுல்லா.”

“ஒண்ணுமே இல்லியா?”

“ஒண்ணும் இல்ல. டிஸ்கு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. வேற ஏதாவது போட்டு வச்சுக்கோ.”

சொன்னதோடு நில்லாமல், அப்போதே அதை ஃபார்மட் செய்தும் கொடுத்தேன். அவள் பேத்தியின் பள்ளி விழா, சபைக் கூட்டம் என்று ஒவ்வொன்றாக அதில் ஏற்றினாள்.

கணவரின் நினைவு நாள் ஜெபம் முடிந்ததும் என்னிடம் சொன்னாள்: “முகம் போட்டோல இருக்கு அண்ணே. அவருக்க சத்தம்தான் ஓர்மை வர மாட்டேங்கு.”

அதற்குமேல் தாங்கவில்லை. அழிந்ததை மீட்கும் கடை மார்த்தாண்டத்தில் இருக்கிறது என்று அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

கடையில் இருந்த பெண் டிஸ்கைப் பார்த்துவிட்டு, “வகை மாத்துன ஒடனே தொடாம கொண்டு வந்திருந்தா முக்காவாசி எடுத்திருக்கலாம் சார். அதுக்க மேல இவ்வளவு யாரு ஏத்துனது? வெள்ளையடிச்ச செவத்துல பழைய எழுத்தத் தேடணும் இப்ப” என்றாள்.

“நான்தான் ஏத்துனேன். சும்மா கெடக்குன்னு அண்ணன் சொன்னாவ” என்றாள் தங்கை. பிறகு என்னைப் பார்த்தாள். “வகை மாத்துனதா? யாரு மாத்துனா?”

சொன்னேன். எச்சரிக்கை வந்ததையும் சேர்த்தே சொன்னேன்.

“எனக்க கையாலேயே அழிக்க வச்சிட்டீங்களே அண்ணே.”

கடைக்காரப் பெண் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஏழு கோப்புகள் கிடைத்தன. நான்கில் படம் இல்லை, குரல் மட்டும் என்றார்கள். பென் டிரைவ் இரண்டில் ஏற்றிக்கொண்டு அருமனைக்குப் போனேன். தங்கை நடையில் நின்றே வாங்கிக்கொண்டாள்.

“லேப்டாப்புலயும் ஒண்ணு ஏத்தித் தரட்டா?”

“வேண்டாம். நான் ஆளு வச்சுப் பாத்துக்கிடுதேன்.”

காப்பி தந்தாள். குடித்துவிட்டு வந்தேன். அந்த ஏழிலும் அவர் என்ன பேசியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்க அவள் என்னைக் கூப்பிடவில்லை.