மூன்றாம் வாய்ப்பாடு சொன்ன சர்வர்

மாலை நான்கு மணிக்கு மேலாளர் வருவார். அதற்குள் பக்கங்கள் சட்டென்று திறக்காவிட்டால், எட்டு மாதமாக அவன் எழுதிய நிரலை மூட்டை கட்டிவிட்டு வேறு குழுவிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வம்சத்திலேயே முதல் பட்டதாரி அவன். நிரலைச் சோதிக்க அவன் மேசைக் கணினியிலேயே ஓடிய லோக்கல் சர்வரோ, ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் ஆளைத் தூங்க வைத்தது.

தரவுத்தளத்தைக் குடைந்தான். வைரஸ் தடுப்பை நிறுத்தினான். கூடுதல் நினைவகம் போட்டான். சர்வர் எதற்கும் மசியவில்லை.

"இன்னும் திறக்கலியா? நான் போய் முடி வெட்டிக்கிட்டே வந்துடலாம் போல" என்றான் பக்கத்து மேசை டிசைனர்.

அப்போதுதான் சீசா அக்கா எழுந்து வந்தார். மருந்து ஆலையில் பத்து வருடம், விளக்கு வெளிச்சத்தில் சீசாக்களைத் திருப்பித் திருப்பித் தூசி பார்த்தவர்; அந்தப் பெயர் அப்படி ஒட்டியது. நாற்பது வயதில் அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, இங்கே சோதனைப் பிரிவில் சேர்ந்தார். நிரலில் ஒரு வரிகூட எழுதத் தெரியாது.

"தம்பி, நான் கொஞ்சம் பாக்கட்டா?"

"இது உங்களுக்குப் புரியாதுக்கா."

"புரியாட்டி என்ன, எண்ணத் தெரியும்ல?"

அலைபேசியில் நேரத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை திறந்தார். முப்பது பக்கங்கள். பழைய காகிதத்தின் பின்புறம் எண்களால் நிறைந்தது. ஒரு மணி நேரம் ஓடியது.

"நெசமாவே முடியாத மெஷினு ஒரு தடவை இழுக்கும், ஒரு தடவை ஓடும். இது அப்படி இல்லியே. பாரு, மூணு, ஆறு, ஒம்பது, மறுபடி மூணு, பன்னெண்டு. உன் சர்வர் மூணாம் வாய்ப்பாடு சொல்லுதுப்பா. தானா வராது இது. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு பக்கம் சர்வரை எத்தனை முறை கேட்கிறதோ, அத்தனை மூன்று வினாடிகள்! நிரலுக்குள் தேடினான். ஒரே ஒரு வரி: மூன்று வினாடி பொறு. காத்திருக்கும்போது திரையில் சுற்றும் சக்கரம் அழகாக இருக்கிறதா என்று பார்க்க, ஆறு மாதத்துக்கு முன் அவனே எழுதி, அவனே மறந்த வரி.

அதை அழித்தான். விரலை எடுப்பதற்குள் பக்கம் திறந்தது.

நிரலுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், வெறும் எண்களை வெளிச்சத்தில் பிடித்தே உள்ளே கிடந்த தூசியைக் கண்டுவிட்டாரே! அவன் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்கு மணிக்கு மேலாளர் அசந்துபோனார். "அட, பறக்குதே! என்னப்பா பண்ணே?"

எதையாவது அளந்துவிட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"தப்பு என்னுதுதான் சார். சோதிச்சுப் பாக்க நான் போட்ட வரி, எடுக்க மறந்துட்டேன். கண்டுபிடிச்சது அக்கா."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு மாசமா நீயே காலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, ஓட முடியலன்னு அழுதிருக்கே." சிரிக்கவில்லை. "சரி, வேலை உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா இனிமே அக்கா சரின்னு சொன்னாத்தான் எதுவும் வெளிய போகணும்."

அக்கா காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. "தம்பி, இந்த அறிக்கைப் பக்கம் இன்னும் அரை வினாடி இழுக்குது, பாரேன்."

அவன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.