ஒரு ஹெட்செட்டுக்கு நான் போட்ட ஒற்றை நட்சத்திரம்

வாங்கிய சாமானைப் பற்றி நாலு வரி எழுதாவிட்டால் எனக்கு வாங்கிய திருப்தியே வராது. ஆன்லைனில் வாங்குவேன், ஒரு வாரம் போட்டு உருட்டுவேன், பிறகு அதே பக்கத்தில் தமிழிலேயே மதிப்புரை எழுதிவிடுவேன். ஏழு வண்ணத்தில் விளக்கு எரியும் மவுஸ் ஒன்றுக்கு, 'கல்யாண மண்டப வாசலில் வைக்கலாம், கையில் பிடிக்க லாயக்கில்லை' என்று எழுதினேன். ஒரு கேம் கன்ட்ரோலரின் குச்சி இரண்டே மாதத்தில் தொடாமலே இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. 'நீங்கள் சும்மா இருக்கலாம், அதுவே விளையாடிக்கொள்ளும்' என்று எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டேன். போன் சூடாகாமல் இருக்கப் பின்னால் ஒட்டும் குட்டி விசிறிக்கு மட்டும் நான்கு. சித்திரை வெயிலில் அதை அம்மா கன்னத்தோரம் வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினாள் என்பதற்காக.

வேலையும் அப்படிப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் சென்டரில் இருக்கிறேன். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ். வக்கீல் நோட்டீஸாக அடித்து அடித்து, யாரையாவது குற்றம் சாட்டி எழுதுவது கைப்பழக்கமாகிவிட்டது. என் மதிப்புரைகளில் 'மேற்படி சார்ஜர்' என்றெல்லாம் வரும். தம்பி படித்துவிட்டுச் சிரிப்பான்.

தம்பி ராணுவத்தில் இருக்கிறான். எங்கள் பக்கத்தில் இது பெரிய செய்தி இல்லை, தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அப்பாவும் ராணுவத்தில்தான் இருந்தார். ஓய்வு பெற்று வந்த இரண்டாம் வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அவரோடு சேர்ந்து வாழ்ந்த நாட்களைவிட அவருக்குப் பெட்டி கட்டிக் கொடுத்த நாட்கள்தான் அதிகம். பிறகு மகனுக்குக் கட்டிக் கொடுத்தாள். வீட்டில் நானும் அம்மாவும்தான்.

வடக்கே மலையில் அவன் இருந்த முகாமில் செல்போன் சிக்னல் கிடையாது. பொது அறையில் இணையம் மட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அவனுக்கு ஓய்வு. அந்த நேரத்தில் அவன் தன் லேப்டாப்பிலும் நான் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் லாரி ஓட்டும் ஆட்டம் ஆடுவோம். துப்பாக்கி ஆட்டம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். "அதத்தான் இங்க வாரம் பூரா பாக்கேன்க்கா. நாம லாரி ஓட்டுவோம்" என்றான். ஏதோ ஒரு வெளிநாட்டு நெடுஞ்சாலையில் அவன் லாரி முன்னால் போகும், என் லாரி பின்னால் போகும். யாருக்கும் அவசரம் கிடையாது. ஹெட்செட்டில் பேசிக்கொண்டே போவோம்.

அந்த ஹெட்செட்டுக்குத்தான் முதலில் நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தேன். காதுக் கிண்ணத்தை வெளிப்பக்கமாகத் திருப்ப முடியும். ஒரு கிண்ணத்தில் நான் காது வைத்துக்கொள்வேன், மற்றதில் அம்மா நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து காது வைத்துக்கொள்வாள். எங்கள் தலை இரண்டும் முட்டிக்கொண்டிருக்கும். 'இருவர் கேட்க வசதி' என்று எழுதியிருந்தேன். நாலு மாதம் இப்படி ஓடியது. அந்த நாலு மாதம் அவன் வீட்டில் இருந்த மாதிரியே இருந்தது, பொய் சொல்லவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவன், "என்னக்கா, கிணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு" என்றான். நான் வயரை ஆட்டினேன், கம்ப்யூட்டரில் சத்தத்தைக் கூட்டினேன். ஓரளவு கேட்கிறது என்றான். அன்றைக்குத்தான் அவன் அந்த விஷயத்தையும் சொன்னான். முகாமில் அவனுடைய காலம் முடியப் போகிறது. தெற்கே மாற்றல் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம், இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போடலாம். "ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். இங்க நம்மள விட்டா ஆளில்லங்காங்க. அடுத்த வாரம் யோசிச்சுச் சொல்லணும்" என்றான். அம்மா மறுபக்கக் கிண்ணத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அம்மாவுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று உதடு அசைப்பாள். நான் போனால் நிறுத்திவிடுவாள். சனிக்கிழமை என்னிடம், "ஏட்டி, நாளைக்கு நான் அவன்ட்ட ஒண்ணு சொல்லணும். நீ குறுக்க பேசப்பிடாது" என்றாள்.

மறுநாள் மதியம் தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரி, கோயிலுக்குப் போகிறவள் போல உட்கார்ந்தாள். காதுக் கிண்ணம் வேண்டாம் என்றாள். அவன் குரலைக் கேட்டால் தனக்குப் பேச்சு வராதாம். அதனால் நான் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, மைக் குச்சியை அவள் வாய்க்கு நேராக வளைத்துப் பிடித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அய்யா, நான் ஒங்க அப்பாவயும் போகாதிய்யன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. ஒன்னயும் சொன்னதில்ல. இப்பச் சொல்லுதேன். போதும்யா. இந்தப் பக்கம் வந்துரு. எனக்கு வயசாகுது. ஒன்னயப் பாத்துக்கிட்டு இருக்கணும் போல இருக்கு."

இவ்வளவுதான் சொன்னாள். அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. என் காதில் தம்பியின் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. "ஹலோ... அக்கா... ஒண்ணும் கேக்கல. மைக்கு போச்சு போல. ஹலோ... இருக்கியா? சரிக்கா, பின்னால ஆள் நிக்காங்க. அடுத்த வாரம் வாரேன்." பிறகு அவன் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி அணைந்துவிட்டது.

அம்மா கண்ணைத் திறந்தாள். "கேட்டானா?"

"கேட்டான்ம்மா."

"என்ன சொன்னான்?"

"யோசிக்கேன்னான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து, வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றைக் கேட்டவளிடம், உன் பேச்சு எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைவிட, எனக்கு ஒரு திமிர் இருந்தது. சாமான் சரியில்லை என்றால் வேறு சாமான் வாங்கிவிடலாம். இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். அவனுக்குச் செய்தியாக எழுதிவிடலாமா என்றும் நினைத்தேன். எழுதக்கூடச் செய்தேன். அம்மா சொன்னதை நான் தட்டச்சில் பார்த்தபோது கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருந்தது, அழித்துவிட்டேன். புது ஹெட்செட் புதன்கிழமை வந்துவிடும், அதற்குள் அவன் கையெழுத்துப் போட்டுவிட மாட்டான், ஞாயிற்றுக்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லி அம்மாவை மறுபடி பேச வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

புதன்கிழமை ஹெட்செட் வந்தது. வியாழக்கிழமை, நான் பஸ்ஸில் இருக்கும்போது தம்பியிடமிருந்து செய்தி வந்தது. 'சம்மதம்னு எழுதிக் கொடுத்துட்டேன்க்கா. இன்னைக்கே என்னய இன்னும் மேல காவலுக்கு அனுப்புறாங்க. மூணு மாசம் லைன்ல வர முடியாது. அம்மாகிட்ட சொல்லிரு.' கிருஷ்ணன்கோவில் கல்லூரி பஸ் ஒன்று எங்களை ஒட்டிக்கொண்டே வந்தது, உள்ளே பிள்ளைகள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் கோபம் வந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அப்படியா" என்றாள். மிச்சக் காயையும் நறுக்கி முடித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அன்றைக்கு உட்கார்ந்து அந்த ஹெட்செட்டின் மதிப்புரையைத் திருத்தினேன். ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாக்கினேன். பூஜ்யம் போட அந்தப் பக்கத்தில் வழி இல்லை. 'மேற்படி ஹெட்செட்டின் மைக் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. முக்கியமான நேரத்தில் கழுத்தறுத்தது. உங்களுக்கு வேண்டியவர்களோடு பேச வேண்டுமென்றால் இதை நம்பாதீர்கள்' என்று எழுதினேன். எழுதும்போது அழுதேன். சில நாளில் நாற்பத்திரண்டு பேர் அது பயனுள்ள மதிப்புரை என்று பொத்தானை அமுக்கியிருந்தார்கள்.

பொங்கலுக்கு முன்னால் அலமாரியை ஒழித்தபோது அந்த ஹெட்செட் கையில் அகப்பட்டது. திறந்து பார்க்கலாமே என்று மைக் நுனியில் இருந்த பஞ்சு உறையைக் கழற்றினேன். உள்ளே, குரல் போகும் துளையின் மேல், கெட்டியாகக் காய்ந்த சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜையன்று நான் வாசலில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே அரிவாள்மனை, மிக்சி, தையல் மிஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். ஹெட்செட்டின் பஞ்சு உறை அழுக்காக இருந்திருக்கும். கழற்றி அலசிக் காயப்போட்டிருக்கிறாள். வெறுமையாக இருந்த நுனியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, உறையைத் திரும்ப மாட்டியிருக்கிறாள். அன்றைக்கு அவள் உள்ளேயிருந்து, "எம் பிள்ள பேசுத சாமானுக்குத்தான் மொதப் பொட்டு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. நான் வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன்.

ஊசியால் சுரண்டிச் சந்தனத்தை எடுத்துவிட்டு மைக்கைச் சோதித்துப் பார்த்தேன். என் குரல் துல்லியமாகப் பதிவானது. அந்த ஹெட்செட்டில் ஒரு குறையும் இல்லை.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மகன் கேட்டுவிட்டு மறுத்துவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பது ஒரு வலி. தான் வைத்த பொட்டுதான் தன் பேச்சை அடைத்தது என்று தெரிந்தால் அது வேறு வலி. இரண்டில் எது பெரிது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டேன். மதிப்புரையை மட்டும் திருத்தினேன். 'தவறு ஹெட்செட்டுடையது அல்ல, எங்களுடையது' என்று எழுதி மறுபடி ஐந்து நட்சத்திரம் போட்டேன். 'அப்படி என்ன தவறு செய்தீர்கள்?' என்று முகம் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார்.

அடுத்த புரட்டாசியில் தம்பி இருபது நாள் லீவில் வந்தான். கறுத்து, மெலிந்து, கன்னத்தில் பனி பட்ட தழும்போடு வந்தான். அம்மா மூன்று வேளையும் சமைத்துப் போட்டாள், அவன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவன் எதையாவது நேராகக் கேட்டால் பதிலை என்னிடம் சொன்னாள். மகனிடம் கூச்சப்படும் தாயை நான் அப்போதுதான் பார்த்தேன். அவன் கிளம்பும் அன்று மதுரை பஸ்ஸின் ஜன்னலருகே நின்று, "அன்னைக்கு நான் சொன்னத மனசுல வச்சுக்கிடாதய்யா" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். என்ன என்று கையால் கேட்டான். பஸ் நகர்ந்துவிட்டது.

அவன் விடுவானா? முகாமுக்குப் போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, லாரியைக் கிளப்புவதற்கு முன்பே கேட்டான். "யக்கா, அம்மா என்னத்த மனசுல வச்சுக்கிடாதன்னா? எனக்கு ஒண்ணும் புரியல." அம்மா அன்று பக்கத்தில் இல்லை, அடுப்படியில் இருந்தாள். இந்த முறையும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஒரு பொய்யை ஒரு வருடம் தூக்கிக்கொண்டு திரிந்தது எனக்கு அலுத்துப் போயிருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஹெட்செட்டைக் கழற்றி, இரண்டு கிண்ணத்தையும் அவள் காதில் வைத்தேன். "அவன் ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணுமாம்" என்றேன்.

அவன் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அம்மா பேசியது மட்டும்தான் கேட்டது. "எதுய்யா... போன வருஷம், அந்த ஞாயித்துக்கிழமை... மைக்குல சொன்னேம்லா..." பிறகு நிறுத்தினாள். "ஒண்ணுமே கேக்கலயா ஒனக்கு?" என்றாள். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன்.

"ஒண்ணுமில்லய்யா" என்று அவனிடம் சொன்னாள். "அன்னைக்கு மாடியில துணி கெடக்கு, மழ வருதுன்னு ஒங்க அக்காட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். நீ ஒன் சோலியப் பாரு."

ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் முகம் அழும் முகமாக இல்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியம் பேசுகிறவள் மாதிரி சொன்னாள்.

"ஏட்டி, அப்ப அவன் எனக்கு மாட்டேன்னு சொல்லலட்டி."