எனக்கு அவர் போட்ட லெவல்

நர்சிங் முடித்ததும் ஜெர்மனிக்குப் போகும் ஆசையில், ஏ ஒன், ஏ டூ இரண்டு நிலைகளையும் வீட்டிலிருந்தே படித்துவிட்டு, அடுத்ததான பி ஒன்னில் சேர விழுப்புரத்தில் ஒரு ஜெர்மன் வகுப்புக்குப் போனேன். மாஸ்டர் அந்த நாட்டில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். என்னை நிற்க வைத்து ஜெர்மனில் பேசச் சொன்னார். இரண்டு வரிதான் பேசியிருப்பேன்.

"எந்த ஊரும்மா?"

"முகையூர் பக்கம் சார்."

"அதான் மல்லாட்டைய மென்னுக்கினே பேசற மாதிரி இருக்கு. உனக்கு ஏ ஒன்தான். அரிச்சுவடிலேர்ந்து ஆரம்பி."

எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். வகுப்பே சிரித்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்தபோது மனதில் அவர் முகம் மட்டும்தான் இருந்தது.

அந்த முகத்தை நினைத்துத்தான் படித்தேன். சென்னைக்குப் போய் பி ஒன் பரீட்சை எழுதித் தேறினேன். பிறகு பி டூவும். விசா வரும் நேரத்தில் அம்மா படுத்த படுக்கையானார். ஜெர்மனி போயிற்று. ஆனால் கோபம் போகவில்லை. விழுப்புரத்திலேயே ஒரு மருந்துக்கடை மாடியில் நானே வகுப்பு ஆரம்பித்தேன். கண்டாச்சிபுரம், முகையூர் நர்சுகளை ஒவ்வொருவராகப் போனில் பிடித்தேன். அவரிடம் படித்துக்கொண்டிருந்தவர்களையும் விடவில்லை. அவர் வகுப்பு காலியாகி, கதவைச் சாத்தினார்.

சென்ற வருடம் அவரே மாடியேறி வந்தார். தலை நரைத்திருந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"இங்க பாடம் எடுக்க ஆள் வேணுமாங்க?"

"எடுக்கலாம் சார். மொதல்ல ஒரு லெவல் டெஸ்ட் எழுதிடுங்க."

மாணவிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினார். திருத்தினேன். ஒரு பிழை இல்லை. என்னைவிட நன்றாக எழுதியிருந்தார்.

"உங்களுக்கு ஏ ஒன்தான் சார். அரிச்சுவடிலேர்ந்து ஆரம்பிங்க."

"என்னம்மா இது, நியாயமா?"

"முகையூர்க்காரி ரெண்டு வரி பேசனதுக்கே லெவல் போட்டீங்களே, அது நியாயமா சார்?"

என்னை உற்றுப் பார்த்தார். மாணவிகளில் யாரோ சிரித்தார்கள். நான் தடுக்கவில்லை. படியிறங்கிப் போனார்.

மாதா மாதம் சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன், செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். இதை மட்டும் சாமியாரிடம் சொன்னதில்லை. வருத்தம் இருந்தால்தானே சொல்வதற்கு?