அருகில் குடியிருப்பு இல்லை

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'ஈயடிச்சான்' என்று பெயர். பழைய கோப்பில் ஒரு ஈ செத்து ஒட்டியிருந்தால் புதிய கோப்பிலும் ஒரு ஈயை அடித்து ஒட்டிவிடுவார் என்று சொல்லிச் சிரிப்போம். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "மாத்தி எழுதினாத்தாங்க கேள்வி வரும். அப்படியே எழுதினா ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்பார். இருபத்திரண்டு வருடமாக அதே பிரிவு, அதே மேசை. நான் பக்கத்து மேசை. இதில் பாதிப் பழி எனக்கும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டடம் இடிப்பவர்கள் மிஞ்சும் மரத்தைப் பொது நிலத்தில் போட்டு எரிக்க வேண்டுமானால் எங்களிடம் அனுமதி வாங்க வேண்டும். விதி என்னவோ கெட்டியானதுதான். வர்ணம் பூசாத மரத்தை மட்டும் எரிக்கலாம். பகலில் மட்டும். இருநூறு மீட்டருக்குள் வீடு இருக்கக் கூடாது. இடத்தை நேரில் பார்த்து ஒருவர் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் இவர். வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் மைதானத்தை வேலைக்குச் சேர்ந்த புதிதில் சைக்கிளில் போய்ப் பார்த்தார். முள்ளும் ஒரு குட்டையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. 'அருகில் குடியிருப்பு இல்லை' என்று எழுதினார். அன்றைக்கு அது உண்மை. அடுத்த விண்ணப்பம் வந்தபோது பழைய கோப்பை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி, மற்றதை அப்படியே இறக்கினார். அதற்கடுத்ததும் அதே கதைதான்.

அங்கே வீடுகள் வந்தது அவருக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் மைதானத்தை ஒட்டி முப்பத்தெட்டு வீடுகள் வரிசையாக எழுந்தன. அதில் பதினேழாம் எண் வீட்டில் குடியேறியது அவருடைய சொந்த அக்கா. பீரோவைத் தூக்கி உள்ளே வைத்ததே இவர்தான். ஞாயிறு தவறாமல் போவார், மூக்குப் பிடிக்கச் சாப்பிடுவார், மொட்டை மாடியில் துண்டை விரித்துத் தூங்குவார். திங்கட்கிழமை மேசைக்கு வந்து 'அருகில் குடியிருப்பு இல்லை' என்று எழுதுவார். பொய் எழுதுகிறோம் என்ற நினைப்பே கிடையாது. கோப்பில் இருக்கும் மைதானம் வேறு, அக்கா வீட்டு மைதானம் வேறு. எங்களைப் போன்ற ஆட்களுக்குத்தான் இப்படி ஒரு குருட்டுத்தனம் வாய்க்கும்.

அக்கா ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. மருந்துச் சீட்டோ பேருந்துப் பலகையோ, ஒரு வரி விடாமல் படித்துக் குற்றம் கண்டுபிடிப்பார். நெஞ்சு மட்டும் கெட்டுப்போயிருந்தது. நாலு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுவார்.

அதுவரை எரித்ததெல்லாம் ஒரு நாள், இரண்டு நாள் விவகாரம். இந்த வருடம் நூறு அறை கொண்ட பழைய ஹோட்டலை இடித்தார்கள். பதினைந்து நாள் அனுமதி. கதவு, ஜன்னல், பிளைவுட், மெத்தை, ஒயர் எல்லாம் லாரி லாரியாக வந்து விழுந்தன. மரத்தைத் தனியாகப் பிரிக்கக் கான்ட்ராக்டருக்கு ஏது பொறுமை? கறுத்த புகை அந்த வரிசை வீடுகளுக்குள் புகுந்து வெளியே போக மறுத்தது. மூன்றாம் நாள் அக்கா தம்பியை வரச் சொன்னார். ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி செருகியிருந்ததாம்.

"மூச்சு விட முடியலடா. உங்க ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் குடு."

"மனுவெல்லாம் எதுக்குக்கா? பேசாம கொஞ்ச நாள் என் வீட்ல வந்து இரு."

"மிச்சம் முப்பத்தேழு வீட்டையும் கூட்டிட்டுப் போவியா? எழுதுடா. உனக்குத்தான் அந்த நெளிவு சுளிவெல்லாம் தெரியும்."

எழுதினார். வீடுகளை எண்ணி, தூரத்தைக் காலால் அளந்து, கைக்குழந்தைகள் எத்தனை என்று கேட்டு எழுதினார். தன் வாழ்நாளில் எதையும் பார்க்காமல் சொந்தமாக அவர் எழுதிய ஒரே தாள் அதுவாகத்தான் இருக்கும். அக்கா ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். எந்தப் பிரிவின் மேல் புகார் வருகிறதோ, அந்தப் பிரிவுக்கே அதை 'உரிய பதில் அளிக்கவும்' என்று தள்ளிவிடுவார்கள். மறுநாளே அக்காவின் மனு தம்பியின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மூன்று மணி வாக்கில், 'முப்பத்தெட்டு வீடுகள் உள்ளன, அனுமதியை உடனே ரத்து செய்யலாம்' என்று குறிப்பு எழுதி மேலாளரிடம் நீட்டினார். மேலாளர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பழைய கோப்புகளை எடுத்து அவர் முன்னால் அடுக்கினார்.

"ஆறு வருஷத்துல ஒன்பது அனுமதி. ஒன்பதுலயும் வீடே இல்லைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. இப்ப திடீர்னு முப்பத்தெட்டு வீடு எங்கேருந்து முளைச்சுது? இதை மேல அனுப்பினா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். இன்னும் பதினோரு நாள்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க, அவங்களே முடிச்சிட்டுப் போயிடுவாங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பழைய பதில் ஒன்றை எடுத்தார். பெயரையும் தேதியையும் மாற்றினார். தாங்கள் குறிப்பிடும் இடத்தின் அருகில் குடியிருப்பு இல்லை என்பதால் மனு முடித்து வைக்கப்படுகிறது என்ற அந்தக் கடிதம், பதினேழாம் எண் வீட்டுக்கே தபாலில் போய்ச் சேர்ந்தது.

பத்தாம் நாள் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாலையில் நானும் கூடப் போனேன். முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் முகமூடியை அக்கா கையால் நகர்த்திவிட்டுப் பேசினார். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்த வேண்டியிருந்தது.

"பதில் வந்துதுடா. ஒரு பிழை இல்ல."

"அக்கா, அது வந்து... அந்த அனுமதி..."

"தெரியும். முதல் நாளே மைதானத்துல கம்பத்துல ஒட்டியிருந்தாங்க. மெதுவா நடந்து போய்ப் படிச்சேன். கீழ உன் கையெழுத்து."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சுமாக்கா என்னை மனு எழுதச் சொன்னே?"

"வேற யார்கிட்ட சொல்றது? தம்பி எழுதினதைத் தம்பியே திருத்திடுவான்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். முகமூடியை மறுபடி இழுத்து மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஈயடிச்சான் நின்ற இடத்திலேயே நின்றார். நர்ஸ் வந்து நேரமாச்சு என்று சொன்னபோதும் அவர் காதில் விழவில்லை. நான்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

பதின்மூன்றாம் நாள் காலையில் அக்கா போய்விட்டார். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மைதானம் எரிந்துகொண்டிருந்தது. அனுமதி முடிய இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது.