வெறும் தொட்டில்

உள்ளறையில் தொட்டில் சங்கிலி கிரீச்சிட்டது. காபி கலந்துகொண்டிருந்த மாலினியின் கை நின்றது. மகள் அம்ருதா பாட்டு க்ளாஸுக்குப் போயிருக்கிறாள். பின்னே யார் ஆட்டுகிறார்கள்?

கூடத்தில் பானுப்ரியா காத்திருந்தாள். துறையூர்ப் பெண், மன்னார்புரத்தில் மாலினியோடு ஒரே ஆபீஸில் வேலை. ஏழு மாதக் கர்ப்பம். குழந்தை நன்றாக வளர்ந்த வீட்டுத் தொட்டில்தான் ராசி என்று அவள் அம்மா சொல்லிவிட்டாளாம். கேட்டதும் மாலினி, மாமியாரைக் கலக்காமலே, "எடுத்துக்கோ" என்றுவிட்டாள்.

அதுதான் வினையாயிற்று. இனிப் பிள்ளைப்பேறு இல்லை என்றால்தான் அந்த வீட்டில் தொட்டில் வாசற்படி தாண்டும்.

மாமியார் வேதவதியோடு பிறந்தவர்கள் ஏழு பேர். அவள் பெற்றது இரண்டு. மூத்தவன் மதுசூதனுக்கும் மாலினிக்கும் அம்ருதா ஒருத்திதான். அவளைப் பெற்று லீவு முடிந்து போனபோது, மாலினியின் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அடுத்த வேலை கிடைக்க மூன்று வருடம். இப்போது வயது முப்பத்தெட்டு. இளையவன் ஸ்ரீவத்ஸுக்கு நாற்பத்தொன்று. கோயில் மடப்பள்ளியில் வேலை என்றதுமே பெண் வீட்டார் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

"பெருமாள் இன்னொண்ணு குடுப்பார்டி" என்பாள் வேதவதி.

"ஃபீஸ் கட்டவும் அவரே வருவாராம்மா?" என்பாள் மாலினி.

நேற்று தொட்டில் விஷயம் தெரிந்ததிலிருந்து வேதவதி வாயே திறக்கவில்லை.

மாலினி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது என்று அம்ருதாவை எத்தனையோ முறை அதட்டிய வேதவதி, கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அதை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா... வெறும் தொட்டில்..."

"சத்தம் போறதான்னு பாத்தேன். அந்தக் குழந்தை தூங்க வேண்டாமா? நீ கழட்டு, நான் பிடிச்சுக்கறேன்."

இருவருமாகக் கழற்றினார்கள். உத்தரத்தில் கொக்கி மட்டும் மிஞ்சியது.

"ஒரு வருஷத்துல கொண்டாந்துடறேன் மாமி" என்றாள் பானுப்ரியா.

"என்ன அவசரம்? ரெண்டாவதுக்கும் வெச்சுக்கோ."

பானுப்ரியா சிரித்துவிட்டாள். "ரெண்டாவதா! நல்லா சொன்னீங்க போங்க. இந்த லீவு முடிஞ்சு வந்தா என் சீட்டு இருக்குமான்னே தெரியல."

வேதவதி மருமகளை ஒருமுறை பார்த்தாள். பானுப்ரியாவிடம் குங்குமச் சிமிழை நீட்டினாள்.

தொட்டிலை ஏற்றிக்கொண்ட ஆட்டோ உத்தர வீதியில் திரும்பி மறைந்தது. இன்னும் சற்று நேரம் வாசலிலேயே நின்றாள் வேதவதி.

"உள்ள வாடி, வெயில் அடிக்கறது" என்று மாலினியின் தோளைத் தொட்டு உள்ளே விட்டு, தானே கதவைச் சாத்தினாள்.