மச்சானின் டிஃபரன்ஷியல்

என் அக்கா புருஷன் டில்லியிலிருந்து ஒரு பழைய வெளிநாட்டு கார் வாங்கி வந்த பிறகு, எங்கள் பனியன் கம்பெனியில் பனியனைப் பற்றிய பேச்சு குறைந்துபோனது. நாலு சக்கரத்துக்கும் பவர் போகிற வண்டி அது. பெருமாநல்லூருக்கும் திருப்பூருக்கும் நடுவில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போவதற்கு நாலு சக்கரமும் எதற்கு இழுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரிடமே வேலை பார்க்கிறவன் சில கேள்விகளை மனசுக்குள்தான் கேட்டுக்கொள்ள முடியும்.

அந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, டார்க்கை, அதாவது முறுக்குவிசையை, உணர்ந்து பவரைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஒன்று இருந்தது. விற்றவன் சொன்ன நாலு வரியை மச்சான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். யார் வந்தாலும் கட்டிங் டேபிளுக்குக் கூட்டிப் போய், துணி மேல் விரிக்கிற பேப்பரில் சக்கரம் வரைந்து பாடம் எடுப்பார். சாயப்பட்டறைக்காரர், ஆடிட்டர், பட்டன் கொண்டுவருகிறவர், ஒருவரும் தப்பவில்லை. தமிழே தெரியாத ஒடிசா டெய்லர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

"வழுக்கற சக்கரத்துக்குப் பவர் போவாதுங்க. புடிச்சு நிக்கற சக்கரத்துக்குத்தான் போவும். வண்டிக்கே மூளை இருக்குதுங்க."

மூளை கிடையாது, பல்சக்கரங்கள்தான் உண்டு. ஆட்டோமொபைல் படித்துவிட்டு பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறவன் நான். அந்த அளவுக்குத் தெரியும். திருகு மாதிரிச் சாய்வாகப் பல் வெட்டிய சக்கரங்கள் அவை. ஒரு பக்கம் வழுக்கி வேகமாக ஓடப் பார்த்தால், பற்கள் ஒன்றையொன்று அழுத்தி இறுகிக்கொள்ளும். அந்தப் பக்கம் தாங்குகிற விசையைப் போல இரண்டு மூன்று மடங்கு மறுபக்கத்துக்குப் போகும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் மடங்கு என்றால் பெருக்கல். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அந்த அச்சு தாங்குவது பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். இதை ஒரு நாள் மச்சானிடம் சொல்லிப் பார்த்தேன்.

"மாப்ள, நீ படிச்சது நம்மூரு வண்டி" என்றார்.

சும்மா சுற்றுகிற சக்கரத்தைத் தானாகவே பிரேக் பிடித்துக் காப்பாற்றுகிற எலக்ட்ரானிக் வசதியும் அந்த வண்டியில் இருந்தது. அது கெட்டுப்போனதைச் சொல்லி, மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. மச்சான் அதன் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மச்சான் வீட்டுக் குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பினோம். மச்சான் ஓட்டினார். அக்கா பக்கத்தில், நான் பின்னால். கோயில் வாசல் வரைக்கும் தார் ரோடு போகிறது. "இந்த வண்டிய வெச்சுக்கிட்டு தார் ரோட்டுல போறதுக்கு வெக்கமா இருக்குது" என்று, சோளக்காடுகளுக்கு நடுவே வேலி ஓரமாகப் போகும் இட்டேரிக்குள் திருப்பினார்.

பாதி வழியில், மழைத் தண்ணீர் அறுத்துவிட்ட ஒரு பள்ளம். குறுக்காக விட்டார். முன்சக்கரங்கள் தாண்டிக் கெட்டித் தரைக்குப் போய்விட்டன. பின்னால் வலது சக்கரம் பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்தார். தொங்கிய சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றியது. மற்ற மூன்றும் வேடிக்கை பார்த்தன.

"செத்த பொறுங்க, சென்ஸ் பண்ணும்."

பொறுத்தோம். பண்ணவில்லை.

"மச்சான், ஹேண்ட் பிரேக்கப் பாதி இழுத்து வெச்சுக்கிட்டு ஆக்சிலேட்டர் குடுங்க" என்றேன். "பிரேக்கு பின் சக்கரத்தைப் புடிக்கும். பின்னாடி கொஞ்சம் பாரம் ஏறுனாத்தான் முன்னாடிக்கு மூணு மடங்கு போவும்."

"பிரேக்கப் போட்டுட்டு வண்டிய ஓட்டோணுமா? இதுக்குத்தான் உங்கப்பா உன்னைய காலேஜுக்கு அனுப்புனாரா?"

வண்டியின் முறுக்குவிசையெல்லாம் வீணாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மச்சானின் முறுக்கு மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

அப்போது கோயில் பக்கமிருந்து ஒரு குட்டியானை வந்தது. மச்சானுக்குப் பங்காளி, அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கிறவர். பொங்கல் அண்டாக்களை இறக்கிவிட்டு, எங்களைக் காணோமே என்று அந்தச் சின்ன லோடு வண்டியிலேயே தேடி வந்திருந்தார்.

"கயிறு கட்டி இழுத்துரட்டுங்களா?"

மச்சானுக்கு முகம் சுண்டிவிட்டது. "நாலு சக்கரமும் இழுக்கற வண்டியக் குட்டியானை இழுத்துச்சுன்னா நாளைக்கு நான் எப்படிங்க வெளிய தலை காட்டறது?"

இறங்கிப் போய், வண்டிக்குப் பின்னால் வரப்பில் நின்றுகொண்டு, வண்டியை விற்ற டில்லிக்காரனுக்கு போன் போட்டார். ஒடிசா டெய்லர்களிடம் கற்ற இந்தியில், "பையா, சென்ஸ் நஹீ ஆத்தா" என்று கத்தினார், சென்ஸ் வரவில்லையாம்.

அந்த நேரம் பார்த்து அக்கா டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தாள்.

"தம்பி, எவ்வளவு இழுக்கோணும்?"

"பாதிக்கா. இழுத்துப் புடிச்சுக்கிட்டே மெதுவா மிதி."

இழுத்தாள். தொங்கிய சக்கரம் திணறி வேகம் குறைந்தது. முன்சக்கரங்கள் மண்ணைப் பற்றின. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி மேலே ஏறியது. ஏறும்போது பின்சக்கரம் வாரி இறைத்த சேறு அத்தனையும் மச்சானின் வெள்ளை வேட்டியில். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"பையா, ஆ கயா! சென்ஸ் ஆ கயா!" என்று போனில் குதித்தார். டில்லிக்காரனுக்கு நன்றி வேறு சொன்னார்.

கோயிலில் வாழை இலை முன்னால் உட்கார்ந்து சொந்தக்காரர்களுக்குப் பாடம் எடுத்தார். "கொஞ்சம் டைம் எடுத்துக்குதுங்க, ஆனா சென்ஸ் பண்ணீருது." பங்காளி மட்டும் சாம்பாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் படித்த படிப்பு முதல் தடவையாக ஒரு வேலைக்கு ஆகியிருக்கிறது, அதன் பேரும் டில்லிக்குப் போய்விட்டது.

"நீ சொல்லக் கூடாதாக்கா?" என்றேன்.

"சொன்னா இன்னொருக்கா செஞ்சு காட்டறேன்னு அதே பள்ளத்துக்குக் கூட்டிட்டுப் போவாருடா. உடு" என்றாள்.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள், தார் ரோட்டில். இப்போது தினமும் கம்பெனிக்கும் அவளே ஓட்டி வருகிறாள். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சிக்னலிலும் அவளுக்கு டிஃபரன்ஷியல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்குகிறாராம். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, லாரி ஹாரனைக் கேட்டுக்கொண்டு வருகிறாளாம்.