வியாழக்கிழமை வந்து இறங்குபவர்

லிஃப்ட் நின்றுபோனது என்று யார் கூப்பிட்டாலும், லிஃப்ட்காரர் முதலில் செய்வது கதவிடுக்கில் வாயை வைத்து, "இதோ, ரெண்டே நிமிஷம்" என்று கத்துவது. கருவிப் பையைத் திறப்பதெல்லாம் அப்புறம்தான். உள்ளே இருப்பவர் அழாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது என்பார். பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு கதவைக்கூட இரண்டு நிமிடத்தில் திறந்ததில்லை.

வெளிநாட்டு லிஃப்ட் கம்பெனி ஒன்று அவரை வேலைக்கு எடுத்தது. விசா நேர்காணலும் முடிந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி நான்கு கேள்வி கேட்டார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். இன்னும் ஒரு சரிபார்ப்பு இருக்கிறது, காத்திருக்கவும் என்று ஒரு காகிதத்தை நீட்டினார். எத்தனை நாள் என்று அதில் இல்லை. லிஃப்ட்காரரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பவர்களை அவருக்கே பிடிக்காது.

ஏழு வாரம் ஆகிவிட்டது. வேலை செய்த இடத்தில் வழியனுப்பு விழா நடத்தி, கைக்கடிகாரம் பரிசளித்திருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அதைக் கட்டிக்கொண்டே மறுபடி வேலைக்குப் போனார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி என்ன என்று மட்டும் கேட்டார்.

காலையும் மாலையும் செல்போனில் விசா நிலவரம் பார்ப்பார். 'பரிசீலனையில் உள்ளது.'

"அதையே எத்தனை தடவை படிப்பீங்க? பரீட்சைக்கு வரப்போகுதா?" என்பாள் மனைவி.

கம்பெனிக்குக் கடிதம் எழுதுவது மனைவியின் தம்பி பொறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை அவன் செல்போனைப் பிடித்தபடி வீட்டுக்குள் வந்தான்.

"மாமா, கம்பெனி மெயில். அவ்வளவு நல்லா இல்லை."

"படிடா."

"எங்க டிரைவர் உங்க பேர் எழுதின அட்டையோட மூணு தடவை ஏர்போர்ட் போய் நின்னுட்டு வந்துட்டார். திங்கட்கிழமைக்குள்ள நிஜமான பதில் வரலைன்னா வேற ஆளை எடுத்துக்குவோம்னு போட்டிருக்காங்க."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"டிரைவர் எதுக்கு ஏர்போர்ட் போனார்?"

லிஃப்ட்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

"மாமாதான்க்கா எழுதச் சொன்னார்" என்றான் தம்பி. "விசா ரெண்டு நாள்ல வந்துடும், வியாழக்கிழமை வந்து இறங்கிடறேன்னு. மூணு வியாழக்கிழமை."

"அவங்க பதறக் கூடாதேன்னு சொன்னேன்."

"ஏன், அவங்க உங்க லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்களா?"

தம்பி சிரித்தான். அக்கா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

"எழுதுடா. விசா வரலை. எப்ப வரும்னு எங்களுக்குத் தெரியாது" என்றாள்.

"அப்படி எழுதினா வேலை போயிடும்டி."

"எழுதாமலேயே போய்க்கிட்டுத்தான் இருக்கு."

'விரைவில்' என்று ஒரு வார்த்தையாவது போடச் சொல்லிக் கெஞ்சினார். அனுமதி கிடைக்கவில்லை. அதிகாரி கொடுத்த காகிதத்தைப் படம் பிடித்து இணைத்தார்கள். தம்பி அனுப்பும்போது அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சனியும் ஞாயிறும் பதில் வரவில்லை. திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் செல்போன் அடித்தது.

"மாமா, எங்கேயாவது உட்காருங்க."

"லிஃப்டுக்கு மேல நிக்கறேன். சொல்லித் தொலை."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேக்கறாங்க. அங்க வேலைக்கு வந்தவங்க சிலருக்கு இந்தச் சரிபார்ப்பு நாலு மாசம்கூட இழுத்திருக்காம். அதுவரைக்கும் உங்க வேலை உங்களுக்குத்தானாம். ஆனா தேதி மட்டும் சொல்லவே வேண்டாமாம். ப்ளேன்ல ஏறி உட்கார்ந்த பிறகு போன் பண்ணினா போதுமாம்."

லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில், கம்பிவடத்தைப் பிடித்தபடி, மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நாலு மாசமா?" என்றாள். "அப்போ உங்க துணியெல்லாம் கட்டி வெச்ச பெட்டியைப் பிரிச்சுடறேன். ஏழு வாரமா ஒரே பேன்ட்டைத் துவைச்சுத் துவைச்சு என் கை போச்சு."